குஷனோடு ஒட்டிய பந்தும் ஊழும்

பூல் மேசையில் வெள்ளைப் பந்து குஷனோடு ஒட்டி நின்றுவிட்டால், ஆட்டக்காரருக்குக் கிடைப்பது பந்தின் தலைப்பகுதி மட்டும்தான். பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். குஷனின் மூக்கு, அதாவது பந்தைத் தொடும் ரப்பர் விளிம்பு, அந்த விட்டத்தில் ஏறத்தாழ 63.5 விழுக்காட்டு உயரத்தில் அமைந்திருக்கும். துணியிலிருந்து 36 மில்லிமீட்டர் சொச்சம். பந்தின் நடுவோ 28.6 மில்லிமீட்டரில் இருக்கிறது. எனவே பந்தின் நடுவும் அதன் கீழ்ப்பாதியும் ரப்பருக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. மேலே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் எல்லை உண்டு. நடுவிலிருந்து ஆரத்தின் பாதியளவுக்கு மேல் விலகிப் பட்டால், கியூவின் தோல்முனை பந்தைப் பிடிக்காமல் வழுக்கிவிடும். மிஸ்கியூ என்று சொல்லப்படுவது இதுதான். அந்த எல்லை 43 மில்லிமீட்டர் அளவில் வருகிறது. 36க்கும் 43க்கும் நடுவே மிஞ்சுவது ஏழு மில்லிமீட்டர், ஒரு பென்சிலின் தடிப்பு.

இந்தப் பென்சில் தடிப்புக்குள் பல வித்தைகள் அடைபட்டுப் போகின்றன. பந்தைக் கீழே அடித்துப் பின்னுக்கு இழுக்க முடியாது. மோதிய இடத்திலேயே அதை நிறுத்துவதும் மிகக் கடினம். பக்கவாட்டுச் சுழற்சி கொடுக்கலாம் என்றாலும் கொடுத்தவர் பெரும்பாலும் வருந்துவார். மரச்சட்டம் சற்று உயர்ந்திருப்பதால் கியூவின் பின்புறத்தைக் கொஞ்சமாவது தூக்கத்தான் வேண்டும். தூக்கிய கியூ நடுக்கோட்டிலிருந்து மயிரிழை விலகிப் பட்டாலும் பந்து நேரே போகாமல் வளையும்.

இழப்புக் கணக்கு இத்தனை நீளமாக இருக்கும்போது, அதே ஏழு மில்லிமீட்டருக்குள் ஒரு விந்தையும் இருக்கிறது. ஒரு கோளத்தை அதன் விட்டத்தில் பத்தில் ஏழு பங்கு உயரத்தில் கிடையாக அடித்தால், அது துணியில் துளியும் சறுக்காமல் முதல் கணத்திலிருந்தே உருளத் தொடங்கும். பில்லியர்ட்ஸ் பந்தின் இயக்கம் பற்றிப் பிரெஞ்சுக் கணித அறிஞர் கொரியோலிஸ் 1835இல் தனி நூலே எழுதினார். அந்தத் துறையின் அடிப்படைக் கணக்குகளில் ஒன்று இது. பூல் பந்துக்கு அந்த உயரம் சரியாக 40 மில்லிமீட்டர். குஷன் மற்ற அடிகளையெல்லாம் பறித்துக்கொண்டு, சுத்தமான உருட்டலுக்குரிய அந்த ஒரு புள்ளியை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. மேசை செய்தவர் யாரும் ஆட்டக்காரர்மேல் இரக்கப்பட்டு இப்படி அமைக்கவில்லை. தற்செயலாக அமைந்ததுதான். ஆனாலும் தத்துவக்காரர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் ஒரு கேள்விக்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைப்பது அரிது. வழிகள் அடைபட்ட இடத்தில் செயல் செய்பவருக்கு என்ன மிஞ்சுகிறது? மிஞ்சுவதைச் சுதந்திரம் என்று சொல்லலாமா?

இந்தக் கேள்வியை ஓர் ஊரில் வைத்துப் பார்க்கலாம். மன்னார்த் தீவுக்கு வடக்கே, பெருநிலக் கரையில், கண்டல் காடும் ஆழமில்லாக் கடலும் சூழ்ந்த மீனவ ஊர் விடத்தல்தீவு. அங்கும் சுற்றியுள்ள ஊர்களிலும் கியூவைவிடக் கரம் பலகைதான் கைக்குப் பழக்கம். கரத்திலும் ஒட்டிக்கொள்ளும் தொல்லை உண்டு. கட்டையோடு ஒட்டிய காயை எடுப்பது எவ்வளவு பாடு என்பது விளையாடியவருக்குத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. கரத்தில் ஒட்டிக்கொள்வது காய், அதாவது இலக்கு. அடிக்கும் ஸ்ட்ரைக்கரை ஒவ்வொரு முறையும் கையிலெடுத்து, தன் பக்கக் கோட்டில் வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். முந்தைய அடியில் அது எங்கே போய் நின்றது என்பதற்கு அடுத்த அடியில் எந்த மதிப்பும் இல்லை. பூலில் அப்படி முடியாது. வெள்ளைப் பந்து நின்ற இடத்திலிருந்தே அடுத்த அடி தொடங்குகிறது. கரம் ஆடுபவர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கிறார். பூல் ஆடுபவர் தான் செய்ததைச் சுமந்துகொண்டு வருகிறார். கன்மக் கோட்பாட்டுக்கு உதாரணம் தேடுபவர்கள் கரம் பலகையை விட்டுவிட்டுப் பூல் மேசைக்குத்தான் வர வேண்டும்.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. குவிந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறப்பில் நுகர்வதற்கு வந்தது பிராரத்தம். நுகரும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். இந்த மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. ஆகாமியம் பிராரத்தத்தை நுகர்ந்து முடித்தபின் தனியே வேறொரு நேரத்தில் செய்யப்படுவதில்லை. நுகரும் செயலிலேயே அது ஏறுகிறது. குஷனோடு ஒட்டிய பந்தை அடிக்கும் ஒரே அடி, முன்னைய அடியின் விளைவைத் தீர்ப்பதாகவும் அடுத்த நிலையை ஆக்குவதாகவும் இருப்பது இதைப் போன்றதே. ஒரு பந்தைப் பையில் போட்டால் மட்டும் போதாது. வெள்ளை எங்கே நிற்கப்போகிறது என்பதும் அந்த அடிக்குள்ளேயே முடிவாகிறது. சித்தாந்தம் இன்னொன்றையும் வற்புறுத்தும். வினை சடம், தானாக வந்து பயன் தராது, பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன். மேசையில் அந்த இடத்தை நிரப்ப யாரும் இல்லை. ஒப்புமை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது, நிற்பதே சரி.

திருக்குறளில் ஊழ் 38ஆம் அதிகாரம், அறத்துப்பாலின் கடைசி அதிகாரம். ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரம். ஊழைவிட வலியது இல்லை என்கிறது ஒன்று. தளராமல் முயல்பவன் ஊழையும் புறமுதுகிடச் செய்வான் என்கிறது மற்றொன்று. பந்து நிற்கும் இடம் ஊழ், அடிக்கும் அடி முயற்சி என்று பிரித்து இந்த முரணைத் தீர்த்துவிடலாம்போலத் தோன்றும். மேடைப் பேச்சுக்கு அது போதும். வள்ளுவர் அவ்வளவு எளிதாக விடவில்லை. பொருள் சேர்வதும் அழிவதும் மட்டுமன்றி, அறிவு விரிவதும் மழுங்குவதும்கூட ஊழால்தான் என்கிறது ஊழ் அதிகாரம். அப்படியானால் குஷனருகே வந்ததும் கை நடுங்குவது, நிதானம் போவது, தேவைக்கு மேல் பலம் வைப்பது எல்லாம் ஊழின் கணக்கில் சேர்ந்துவிடும். அனுபவமும் இதையே சொல்கிறது. பழக்கமில்லாத கைக்கு அந்த நிமிடத்தில் எந்தச் சுதந்திரமும் இல்லை. அது தான் பழகியதைத்தான் செய்யும். முயற்சி நுழையக்கூடிய இடம் முந்தைய நாள், ஆட்டம் இல்லாத வேளையில் தனியே நின்று பழகிய நேரம். நேற்று முயற்சியாக இருந்தது இன்று கையின் இயல்பாக நிற்கிறது. இரண்டு அதிகாரங்களையும் காலத்தால் சேர்த்துப் படித்தால் முரண் குறைகிறது. முழுதாகத் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

எபிக்டெட்டஸ் கிரேக்க மரபில் வந்த ஸ்தோயிக்கர், அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்றவர். அவர் பேச்சுகளை மாணவர் அர்ரியன் குறித்துவைத்தார். அவற்றில் பந்து விளையாட்டு ஓர் உதாரணமாக வருகிறது. தேர்ந்த ஆட்டக்காரர் யாரும் பந்து நல்லதா கெட்டதா என்று பார்ப்பதில்லை. எறிவதையும் பிடிப்பதையும்தான் பார்க்கிறார். சோக்ரடீசுக்கு வாய்த்த பந்துகள் சிறை, நாடுகடத்தல், நஞ்சு. அவற்றை வைத்தும் அவர் அழகாக ஆடினார் என்பது எபிக்டெட்டசின் வாதம். கையில் வந்த பொருள் நம் வசத்தில் இல்லை, அதைக் கையாளும் விதம் நம் வசத்தில் இருக்கிறது. குஷன் இதோடு ஒன்றைச் சேர்க்கிறது. குஷனுக்குச் செங்குத்தாக, மேசையின் குறுக்கே அடிக்கும்போதுதான் ஏழு மில்லிமீட்டர் நெருக்கடி. குஷனை ஒட்டியே, அதற்கு இணையாக அடித்தால் பந்தின் பின்புறம் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். அதே பந்து, அதே இடம். தடை எவ்வளவு என்பதை ஆட்டக்காரர் போக நினைக்கும் திசை தீர்மானிக்கிறது. கைதேர்ந்தவர்கள் பையில் விழக்கூடிய கவர்ச்சியான பந்தை விட்டுவிட்டு, இணையாகப் போகும் எளிய அடியைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். பார்ப்பவர்களுக்கு அது கோழைத்தனமாகத் தெரியும்.

இந்த வகைத் தத்துவத்துக்கு ஒரு கடுமையான ஆட்சேபம் உண்டு. அதை விடத்தல்தீவில் நின்று கேட்டால்தான் அதன் கனம் தெரியும். பந்து குஷனில் ஒட்டுவதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: ஆட்டக்காரரின் முந்தைய பிழை, எதிராளியின் தந்திரம், வெறும் தற்செயல். எதிராளி வேண்டுமென்றே வெள்ளையைக் குஷனில் ஒட்டவைப்பது ஆட்டத்தில் நியாயமான உத்தி. இருவரும் ஏற்றுக்கொண்ட விதிக்குள் நடப்பது. விரும்பாதவர் ஆடாமல் போய்விடலாம். 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது விடத்தல்தீவு முஸ்லிம்களும் ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. 2008 ஜூலை 16 அன்று இராணுவம் ஊரைக் கைப்பற்றியது. மிஞ்சியிருந்த மக்களும் போரின் வழியில் இடம்பெயர்ந்தார்கள். இவற்றில் எதுவும் அவர்கள் ஏற்றுக்கொண்ட ஆட்டத்தின் விதி அல்ல. இவர்களிடம் போய், குறுகிய இடத்திலும் சுத்தமான அடி ஒன்று உண்டு என்று உபதேசிப்பது தத்துவம் ஆகாது. செய்தவர் இருக்கும் இடத்தில் ஊழ் என்று சொல்வது செய்தவரை மறைப்பதற்கு உதவும். சிறைப்பட்டவர் தன் நிலையைத் தாங்கிக்கொள்ள எபிக்டெட்டசைப் படிக்கலாம். சிறையில் அடைத்தவருக்கு அவரை எடுத்துக்காட்டிப் பேச உரிமை இல்லை.

அந்த எல்லைக்குள் நின்று பார்த்தால் மன்னார்க் கத்தோலிக்கர் நன்கறிந்த ஒரு வாழ்க்கை உதாரணமாக முன்னே வருகிறது. கோவாவில் 1651இல் பிறந்த குரு யோசவ் வாஸ், டச்சுக்காரர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். குருவாக வெளிப்படையாக வர வழியில்லை. ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்தார். வீடு வீடாகப் பிச்சை கேட்கும்போதே கத்தோலிக்கர் யார் என்று தேடிக்கொண்டார். 1692இல் கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். சிறையில் சிங்களம் கற்றார். பகலில் பலர் நடுவே பிரசங்கம், ஆலயம், மணியோசை எல்லாம் அடைபட்ட இடத்தில் அவருக்கு மிஞ்சியவை இரவும் மாறுவேடமும் ஒரு புதிய மொழியும். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று மாலையே மடுத் திருத்தலத்துக்கும் வந்து சென்றார். யோசவ் வாஸ் தடையைப் புகழ்ந்ததாகவோ தடை நல்லது என்று சொன்னதாகவோ யாரும் எழுதவில்லை. அவர் தடையை ஒரு அளவாக எடுத்துக்கொண்டார். இவ்வளவு இடம் இருக்கிறது, இதற்குள் எது முடியும் என்ற கேள்வியே அவரை நடத்தியது.

மேசைக்குத் திரும்பினால், குஷனருகே தேறுவதற்கான வழிகள் பெரும்பாலும் குறைத்துக்கொள்ளும் வழிகள்தான். வலக்கை ஆட்டக்காரர் இடக்கை விரல்களை மரச்சட்டத்தின்மேல் தட்டையாகப் பதித்து, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நெருக்கி, நடுவே கியூ ஓடுவதற்கு ஒரு சிறு வாய்க்கால் அமைத்துக்கொள்கிறார். கியூ முடிந்தவரை கிடையாக இருக்க வேண்டும். பயந்தவர் பின்கையை உயரத் தூக்குவார். தூக்கத் தூக்க அடி கீழ்நோக்கி இறங்கும், பந்து துள்ளும், வளையும். பின்கைப் பிடி வழக்கத்தைவிட ஓரங்குலம் இரண்டங்குலம் முன்னே வரும். பின்னிழுப்பு குறுகும். வேகம் குறையும்; ஆனால் கியூ பந்தில் முட்டி நின்றுவிடாமல் அதன் ஊடாகப் போக வேண்டும். முனைக்குச் சோக் பூசுவதை மறக்கும் நாளில்தான் மிஸ்கியூ வரும். பக்கவாட்டுச் சுழற்சியை அடியோடு விட்டுவிட வேண்டும். கைக்குப் பழக்கமான வித்தையை விடுவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம் என்பது பழகியவர்களுக்குத் தெரியும்.

எல்லாம் சரியாகச் செய்தும் அடி தவறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பந்தில் கியூ படும் கணத்துக்குச் சற்று முன்னே தலை தூக்கிவிடும். விழுகிறதா என்று பார்க்கும் ஆசை. தலையோடு தோள் எழும், தோளோடு முழங்கை எழும், முனை ஓரிரு மில்லிமீட்டர் இடம் மாறும். மேசையின் நடுவில் அந்தப் பிழையை மன்னிக்க இடம் இருக்கிறது. குஷனில், ஏழு மில்லிமீட்டரில், அதுவே ஆட்டத்தை முடித்துவிடும். கீதை சொல்லும் பலன் துறப்பைப் பலர் பலனைப் பொருட்படுத்தாமை என்று புரிந்துகொள்கிறார்கள். பலனைப் பொருட்படுத்தாதவர் குறி பார்க்கவே மாட்டார். குறி பார்க்கும்போது பலன் முழுதாக மனத்தில் இருக்கிறது; எந்தப் பை, எந்தக் கோணம், வெள்ளை எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் தீர்மானமாகிறது. குனிந்த பிறகு அது மனத்திலிருந்து விலக வேண்டும். துறப்பு என்பது இங்கே கழுத்து அசையாமல் இருப்பது. இதனால் கீதையின் மோட்சக் கோட்பாடு நிரூபணமாகிவிடாது. ஒரே கணத்தில் கவனம் இரண்டு இடங்களில் இருக்க முடியாது என்பது மட்டும் தெரிகிறது.

புத்தகம் படித்து இது வருமா என்ற கேள்விக்குத் தத்துவ அறிஞர் ஹியூம் 1748இல் வெளியிட்ட ஆய்வு நூலில் பதில் இருக்கிறது. காரணமும் விளைவும் எப்படி இணைகின்றன என்று காட்ட அவர் எடுத்த உதாரணமே பில்லியர்ட்ஸ் பந்து. முன் அனுபவமே இல்லாத ஒருவர் ஒரு பந்து இன்னொன்றை நோக்கி உருள்வதைப் பார்த்தால், மோதியபின் என்ன நடக்கும் என்பதைப் புத்தியால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. நின்றுவிடலாம், திரும்பலாம், மேலே பாயலாம். ஒன்றுதான் நடக்கும் என்று நம்மை எதிர்பார்க்க வைப்பது திரும்பத் திரும்பப் பார்த்த பழக்கம். கைக்கும் அப்படித்தான். 40 மில்லிமீட்டர் என்ற எண்ணை அறிந்த கை அந்த உயரத்தில் அடித்துவிடாது. முதலில் வெள்ளையைக் குஷனோடு ஒட்டிவைத்து, இரண்டு சாண் தள்ளி இன்னொரு பந்தைப் பைக்கு நேர்கோட்டில் வைத்துப் பத்து முறை மெதுவாக அடிக்க வேண்டும். பத்தில் எட்டு முறையாவது விழுந்த பிறகே இன்னும் ஒரு சாண் தள்ளலாம். கோணம் அதற்குப் பிறகு. வேகம் கடைசியில். பொறுமை இல்லாதவர்கள் நேராக மேசையின் முழு நீளத்துக்குப் போய்விடுவார்கள். ஒரு மாதம் கழித்தும் தொடங்கிய இடத்திலேயே நிற்பார்கள். 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை இலங்கைக்கு வென்று தந்த எம். ஜே. எம். லாபீர் ஆடிய ஆட்டத்திலும், பந்துகளைத் தனக்கு வாகான இடத்தில் வைத்துக்கொள்வதுதான் திறமையின் பெரும்பகுதி. குஷன் அடியில் தேறுபவர் குஷனுக்குப் போகாமல் ஆடவும் கூடவே பழகிவிடுகிறார்.

கடைசியாக அருள் பற்றிய கேள்வி. கட்டுண்ட நிலையிலிருந்து சொந்த முயற்சியால் வெளிவருவது ஒரு வழி. உழைத்துச் சம்பாதிக்காத விடுதலை இன்னொரு வழி. அருளுக்கும் மனித விருப்பத்துக்கும் பங்கு பிரிப்பதில் கத்தோலிக்க உலகமே பிளவுபட்டிருந்தது. இயேசு சபையைச் சேர்ந்த மோலினா 1588இல் வெளியிட்ட நூலால் எழுந்த வழக்கு 1607வரை உரோமையில் இழுபட்டு, தீர்ப்பில்லாமலே முடிந்தது. சித்தாந்தத்திலும் வினை தீர்வது முடிவில் அருளால்தான். பூலில் இதற்கு நேரான விதி ஒன்று உண்டு. எதிராளி தவறு செய்தால் வெள்ளைப் பந்து கைக்கு வந்துவிடும். மேசையில் எங்கே வேண்டுமானாலும் வைத்து ஆடலாம். ஒட்டிக்கிடந்த பந்து ஒரு நொடியில் விடுபடுகிறது, ஆட்டக்காரர் அதற்காக எதுவும் செய்யாமலே. இறையியலாளர்கள் இதைக் கண்டால் மகிழ்வார்கள், இந்த அருள் மற்றவரின் தவறிலிருந்து வருகிறது என்பதைக் கவனிக்கும்வரை.

ஜபல்பூரில் 1875இல் பிறந்து, 1882இல் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதி மாட்டப்பட்ட ஸ்னூக்கரில் இந்தச் சலுகை இவ்வளவு தாராளமாக இல்லை. வெள்ளை பையில் விழுந்தாலோ மேசையைவிட்டு வெளியே போனாலோதான் கைக்கு வரும். அப்போதும் ஒரு முனையில் வரைந்த அரைவட்டத்துக்குள்தான் அதை வைக்கலாம். மற்றபடி எதிராளி என்ன தவறு செய்திருந்தாலும், வெள்ளை பெரும்பாலும் நிற்கும் இடத்திலேயே நிற்கும்.